குதிகால்

வெயிலுக்குத் தெரியாத இடம் அது.
நாற்பது வருடம் டர்பன் கடற்கரையில்
வெயில் என் தோளைத் தின்றது, பிடரியைத் தின்றது,
மூக்கு நுனியைக் கருக்கி உரித்தது,
ஒன்றும் ஆகவில்லை.
கறுப்பு வந்து உட்கார்ந்ததோ
மணலைத் தவிர யாரும் பார்க்காத
இடது குதிகாலில்.

முதலில் கடல்முள் என்றேன்.
ஊக்கு நுனியால் தோண்டினேன்.
கப்பல் தார் என்றான் கிஸ்டன்,
பாரஃபின் தொட்டுத் துடைத்தான்.
மோகி மஞ்சள் வைத்துக் கட்டினாள்,
மறுநாள் கட்டை அவிழ்த்தாள், பேசவில்லை.
ஒரு சாளைப் பருவம் போயிற்று. அடுத்ததும் வந்தது.
அதற்குள் அது காசளவு,
ஓரம் மட்டும்
அலை வந்துபோன கோடு போல ஒழுங்கில்லாமல்.

டாக்டர் ம்கிசே முக்காலியை இழுத்து
என் காலருகே உட்கார்ந்தார்.
அங்கே யாரும் உட்கார்ந்ததில்லை எனக்கு.
என்சைம் என்றார்.
வீட்டுக்கு வந்து தமிழில் தேடினேன்: நொதி.
நொதித்தது என்றால் எனக்கு
ஆடி மாதக் கூழ்தான், மூடியைத் தூக்கும் புளிப்பு.
அந்தச் சொல்லுக்கு என் காலில் என்ன வேலை?

தோலுக்கடியில் ஒரு வலை இருக்கிறதாம்,
கொலாஜன் நார், கண்ணி கண்ணியாக.
புற்றணு தனக்கென்று கத்தரி செய்துகொள்ளுமாம்
(அதுவும் ஒரு நொதி),
அறுத்த வழியே நுழைந்து
இரத்தத்தில் இறங்கிவிடுமாம்.
படம் வரையப் பேனா எடுத்தார்.
வேண்டாம் டாக்டர், என்றேன்.
சுறா புகுந்த மடியைக் கரையேற்றியவன் நான்.
பாரம் திடீரென்று குறையும்,
கயிறு கையில் லேசாகும்,
அப்போதே தெரிந்துவிடும்.

குதிகாலை வெட்டியெடுத்துத்
தொடைத் தோலை ஒட்டினார்கள்.
இப்போது அங்கே ரோமம் முளைக்கிறது.
குதிகாலில் ரோமம்! கிஸ்டன் விழுந்து சிரித்தான்.
சிரித்ததற்கு வெட்கப்பட்டு
சாயங்காலம் ஒரு பெட்டி சாளை அனுப்பினான்.

பிறகு கவட்டியில் ஒரு நெறி.
சோதித்ததில் இன்னொரு நொதியின் பெயர்: கைனேஸ்.
கரைவலைக்கு 'இழு' என்று கத்துகிறவன் ஒருவன் இருப்பான்.
வேளை பார்த்துக் கத்துவான், வேளை பார்த்து நிறுத்துவான்.
அணுவிடம் 'பெருகு' என்று கத்துகிற என் ஆள்
நிறுத்த மறந்துவிட்டான்.
மாத்திரை அவன் வாயில் திணிக்கும் துணிப்பந்து,
தினம் ஒன்று, சோற்றுக்குப் பின்.
சில நாள் துணியைத் துப்பிவிடவும் செய்வானாம்.
இமை இரண்டும் வீங்கிக்கிடக்கின்றன.
கண்ணாடியில் யாரோ குடிகாரன்.
குடித்ததே இல்லை என்று நான் சொன்னால்
மோகியே நம்பமாட்டாள்.

மாதாமாதம் இரத்தம் எடுக்கிறார்கள்.
அதில் மூன்றாவது நொதி, எல்டிஎச்.
அது நண்பனும் இல்லை, எதிரியும் இல்லை.
உள்ளே அணு உடைந்தால் வெளியே சிந்துவது.
பறவை எங்கே விழுகிறதென்று பார்த்து
மீன் எங்கே என்று நாங்கள் சொல்வோமே,
அப்படி அந்த எண்ணைப் படிக்கிறார்கள்.
பறவை எங்களை ஏமாற்றியதும் உண்டு.

இன்று காலை ஸ்காட்பர்க் தாண்டிவிட்டது கூட்டம்.
மதியம் அமன்சிம்டோட்டியில் வலை இறக்கினார்கள்.
நான் கவிழ்த்த படகின்மேல், ஒற்றைச் செருப்போடு.
பெட்டி எண்ணும் வேலை மட்டும் எனக்கு.
கயிறு இரண்டும் விம்முகின்றன.
தண்ணீர் வெள்ளியாகிறது.
கிஸ்டன் குரல் கொடுக்கிறான், இழு, இழு,
குழந்தைகள் பிளாஸ்டிக் வாளியோடு
அலைக்குள் ஓடுகிறார்கள்.

சட்டைப் பையில் போன் அதிர்கிறது.
ஆஸ்பத்திரி நம்பர்.
மடி கரையேறட்டும் என்கிறேன்.
யாரிடம் சொன்னேன், தெரியாது.
இருபத்தாறு, இருபத்தேழு.
மறுபடி அதிர்கிறது.
டேய் கிஸ்டா, இப்போது தூக்கியது
இருபத்தேழா, இருபத்தெட்டா?